நூற்றொரு வெள்ளி, ஒன்பது தடவை

அந்தக் கார்டு மிஷின் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது மிஷினை விற்க அல்ல, சந்தேகப்பட.

மிஷின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கைப்பேசியோடு இணைத்து, தொகையை அடித்து, வாடிக்கையாளரின் கார்டை மேலே வைத்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பணம் கட்டியாகிவிட்டது. பெரிய கடை, கவுண்டர், டெலிபோன் லைன் எதுவும் வேண்டாம். அதுதான் அதன் நன்மை, அதுதான் அதன் ஆபத்தும் என்றார்கள். திருட்டுக் கார்டு வைத்திருப்பவன் அதில் உயிர் இருக்கிறதா என்று முதலில் நாடி பிடித்துப் பார்ப்பான். சின்னத் தொகையாக இருக்கும். ஒரே தொகையாக இருக்கும். அடுத்தடுத்து வரும், நடுவில் சில தோல்வியடையும். அப்படிப்பட்ட பட்டியல்களைத் திரையில் காட்டினார்கள். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான் எதையும் எழுதிக்கொள்கிறவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லோரி ஓட்டி, பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வருகிற மின்சாரக் கட்டணம் முதல் கோர்ட்டு சம்மன் வரை பத்து வயதிலேயே நான்தான் வாசித்துச் சொல்வேன். அதனாலோ என்னவோ, அச்சில் இருப்பது எனக்கு ஆள் சொல்வதைவிட உறுதியாகத் தோன்றும். படித்தவனுக்கு வருகிற கோளாறு இது. படிக்காத என் அப்பாவுக்கு இது கிடையாது. அவர் அச்சடித்த எதையும் நம்பமாட்டார்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் ஏறி இறங்கிய கடைக்காரர்கள் எல்லாரும் நம்பாத விஷயத்தில் என் அப்பா சாதிதான். லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை அண்ணன் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது எவ்ளோ கடிக்கும்?”

“நூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி சொச்சம்ணே.”

“சொச்சம்னா?”

நூறு ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட்டும் சில சென்னும் என்று கணக்குச் சொன்னேன்.

“காசு எப்ப கையில வரும்?”

“அடுத்த வேல நாள்ல பேங்க்ல ஏறிடும்.”

“அப்ப இன்னிக்கு ராத்திரி என் காசு எங்க தூங்கும்?”

அவர் கல்லாப் பையனிடம் மிஷினைக் காட்டி, “எலிப்பொறிய மேல வையிடா, சாம்பார்ல விழுந்துறப் போவுது,” என்றார். நான் போன பிறகு அதை அவர் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

நான் அக்கா என்று கூப்பிடுகிற மேக்கப்காரரைச் சந்தித்தது அந்த மாதத்தில்தான். ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃபிளாட்டில் பதினோராம் மாடி. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப், முடி அலங்காரம், வாடகை நகைசெட்டு. முன்னறையில் சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, சுவர் முழுக்க அவர் அலங்கரித்த மணப்பெண்களின் படங்கள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். தனி ஆள்.

“மொதல்ல உன் ஐசிய காட்டு தம்பி,” என்றார். அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். “இப்ப உன் கார்ட எடு. ஒரு வெள்ளி கட்டு.”

“நானாக்கா?”

“நீதான். நாளைக்கு அந்த வெள்ளி என் பேங்க்ல இருந்தா கையெழுத்து. இல்லாட்டி உன் ஐசி என்கிட்ட இருக்கு லா.”

மறுநாள் அந்த ஒரு வெள்ளி, கழிவு போக, அவர் கணக்கில் இருந்தது. கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். தொழில், முகவரி, சராசரியாக ஒரு வாடிக்கையாளர் கட்டும் தொகை. மேக்கப்புக்கு எவ்வளவு என்று கேட்டேன், சொன்ன தொகையை எழுதினேன். முன்பணம் எவ்வளவு வாங்குவீர்கள், எப்போது வாங்குவீர்கள் என்று கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அவருக்கு மிஷின் எதற்கு என்றால், இந்தக் காலத்துப் பெண்கள் காசு கொண்டுவருவதில்லை. மண்டபத்தில் வேலை முடிந்து மிச்சப் பணம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டைப் பார், அண்ணனைப் பார் என்று அலைக்கழிப்பார்கள். கார்டு என்றால் அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. ஃபிளாட்டில் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. “கல்யாணப் பொண்ணு பட்டுப்பொடவையோட பதினோரு மாடி எறங்குறா தம்பி. கீழ வர்றதுக்குள்ள நான் போட்ட முகம் கரைஞ்சு போயிருது.” லிட்டில் இந்தியாவில் ஒரு பாயின் சாரோங் கைலிக் கடைக்கு மேலே ஓர் அறை காலியாகியிருந்தது. முதல் மாடி, தெரு பார்த்த ஜன்னல். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிவதற்குள் டெபாசிட் கட்டினால் சாவி அவருக்கு. கட்டாவிட்டால், கைப்பேசி உறை விற்கிற ஒருவர் காசோடு காத்திருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமை இரண்டு கல்யாணங்களின் மிச்சப் பணம் வரவேண்டியிருந்தது. அதுதான் டெபாசிட். அந்த இரண்டும் மிஷினில்தான் வந்தன.

திங்கட்கிழமை காலை என் திரையில் ஒரு சிவப்பு வரி.

ஞாயிறு காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால்வரை, ஒரே மணி நேரத்தில், ஒரே மிஷினில் ஒன்பது கார்டுகள். ஒவ்வொன்றிலும் நூற்றொரு வெள்ளி. ஒரு கார்டு மூன்று முறை தோற்று நான்காவது முறை ஏறியிருக்கிறது. எட்டே முக்காலுக்குப் பிறகு ஒன்றுமில்லை. புதிய கணக்கு, வீட்டு முகவரி. சிஸ்டம் தானாக எதையும் நிறுத்தாது. களப்பணியாளர் பார்த்து, நிறுத்தி வை அல்லது விடு என்று இரண்டில் ஒன்றை அழுத்த வேண்டும்.

நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சின்னத் தொகை, ஒரே தொகை, அடுத்தடுத்து, நடுவில் தோல்வி. நான்கும் இருந்தன. அந்த ஒரு வெள்ளி எனக்குக் கூடுதல் சந்தேகத்தைத் தந்தது. ஏன் நூறு இல்லை? கண்ணில் படாமல் இருக்கத்தான் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ‘நிறுத்தி வை’யை அழுத்தினேன். சனிக்கிழமைப் பணமும் சேர்ந்து மொத்தக் கணக்கும் நின்றது. சரியான வேலை செய்த திருப்தியோடு போய் ஒரு தே தாரேக் டீ குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா அழைத்தார்.

“தம்பி, காசு ஏறல.”

“செக் பண்றாங்கக்கா. ஞாயித்துக்கிழம கொஞ்சம் வித்தியாசமா வந்திருக்கு.”

“என்ன வித்தியாசம்? வளர்பிற முகூர்த்தம். நல்ல நேரம் ஏழே முக்கால்லேருந்து ஒரு மணி நேரந்தான். ஒம்பது வீட்லேருந்து அட்வான்ஸ் குடுக்க வந்தாங்க. வரிசையில நின்னாங்க லா, மாடிப்படி வரைக்கும். ஒரு அம்மாவுக்கு கார்டு ஏறல, நேரம் முடியப் போவுதுன்னு அழுத்து அழுத்துன்னு என் கையப் புடிச்சு அழுத்துறாங்க.”

“அந்த நூத்தி ஒண்ணு...”

“பின்ன? நூறுன்னு முட்டை வச்சா அட்வான்ஸ் குடுப்பாங்க? நீ தமிழன்தான?”

கைப்பேசியை வைத்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்தேன். நான் பாலிடெக்னிக் போகும்போது உறவுக்காரர்கள் மடித்துக் கொடுத்த உறைகள் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளி கூடுதலாக இருந்தது. பூஜ்யத்தில் முடிந்தால் அதோடு முடிந்துபோகும், ஒன்று இருந்தால் வளரும். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. என் நோட்டில் இல்லை என்பதால் அது என் கண்ணில் படவில்லை.

என் மேலதிகாரி என்னைவிட இரண்டு வயது மூத்த சீனப் பெண். விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த அம்மா உனக்குச் சொந்தமா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். போனில் அக்கா என்றாயே என்றார். பினாங்கில் பிறந்தவர், நாங்கள் எல்லாரையும் அக்கா என்போம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதிக்கொண்டார். நேற்று நீதான் நிறுத்தினாய், இன்று நீயே விடச் சொல்கிறாய், நடுவில் அவர் உன்னிடம் பேசியிருக்கிறார் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேஸ் என் கையிலிருந்து போய்விட்டது. கோலாலம்பூர் அலுவலகம் ஒன்பது வாடிக்கையாளர்களையும் அழைத்து உறுதி செய்துகொள்ளும் என்றார்கள்.

புதன்கிழமை காலை அழைத்தார்கள். தெரியாத எண், மலாய் பேசும் குரல், உங்கள் கார்டில் ஒரு பணப்பட்டுவாடா பற்றி என்று ஆரம்பம். நம் ஊரில் இப்படி ஓர் அழைப்பு வந்தால் யார் பேசுவார்கள்? எட்டுப் பேர் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் முழுக்கக் கேட்டுவிட்டு, தெரியாது என்று சொல்லி, பேங்குக்கும் அழைத்து நான் கட்டவே இல்லை என்று சொல்லிவிட்டார். நான்கு முறை கார்டை அழுத்திய அதே அம்மா. இப்போது அது சந்தேகம் இல்லை, புகார்.

அவர் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமான் குடியிருப்பில். மாலை அக்கா தன் காடியை ஓட்ட, இருவரும் போனோம். கம்பெனி விதிப்படி நான் போகக்கூடாது. ஆனாலும் போனேன். வாசல் கிரில் பூட்டியிருந்தது. உள்ளே டிவி சத்தம். அந்த அம்மா வந்து, பூட்டில் கை வைக்காமல், இரண்டடி தள்ளி நின்றார்.

“நான்தாங்க்கா, மேக்கப்,” என்றார் அக்கா. “ஞாயித்துக்கிழம வந்தீங்களே.”

“உன்ன தெரியுது. பக்கத்துல யாரு?”

“கார்டு மிஷின் கம்பெனி தம்பி.”

“காலையில போன்ல பேசுனவனும் கம்பெனின்னுதான் சொன்னான்.”

நான் என் வேலை அட்டையை எடுத்துக் கம்பிக்கு நேராக நீட்டினேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “இத பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில அஞ்சு வெள்ளிக்கு அடிச்சுக் குடுப்பான்.”

“இல்லம்மா, காலையில கூப்பிட்டது நெசமாவே எங்க ஆளுங்கதான்.”

“அப்ப என் கார்டு கடசி நாலு நம்பரு அவனுக்கு எப்படித் தெரியும்? நூத்தி ஒரு வெள்ளி நீங்க கட்டினதான்னு கேக்குறான். ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா மிச்சத்தையும் உருவிருவான். என் மக சொல்லி வச்சிருக்கா, யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லும்மான்னு. தெரியாதுன்னுட்டேன். பேங்குக்குப் போன் அடிச்சு, அத நான் கட்டலன்னு சொல்லி கார்டையும் நிப்பாட்டிட்டேன்.” குரலில் பெருமை இருந்தது.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்: “உள்ள விட்றாத! ஜோடியாத்தான் வருவானுங்களாம், ஒரு பொம்பள, ஒரு பையன்!”

“நீங்க நியூஸப் பாருங்க!” என்று அவர் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, நீங்க இல்லன்னு சொன்னதால என் காசு மொத்தமும் மாட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழம கட்டலன்னா ரூம் போயிரும். உங்க மகளுக்கே அங்கதான மேக்கப் போடப்போறேன்.”

அந்த அம்மா கொஞ்சம் இறங்கினார். “வேணும்னா நூத்தி ஒண்ணு காசாக் குடுத்துடவா?”

“காசு வேணாங்க்கா. பேங்குக்கு அடிச்சு, நாந்தான் கட்டினேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

நான் உதவுவதாக நினைத்து, “இந்தாங்கம்மா, என் போன்லேருந்தே அடிங்க,” என்று நீட்டினேன். அவர் முகம் மறுபடி மூடிக்கொண்டது.

“பாத்தியா? போன் அவனுது, நம்பரும் அவன் போடுவான். நான் நாளைக்கி நேராப் பேங்குக்கே போறேன். ஒண்ணரைக்கு ராகு காலம் வருது, அதுக்கு முன்னாடி. நீ வர வேணாம். அந்தத் தம்பி அந்தத் தெருவுலயே நிக்கக்கூடாது.”

தீவுக்குத் திரும்பும்போது கடல் பாலத்தில் நெரிசல். காடி நின்று நின்று ஊர்ந்தது. அக்கா முன்னால் பார்த்தபடி கேட்டார்: “மொதல்ல யாரு தம்பி நிப்பாட்டினது?”

“சிஸ்டம்க்கா,” என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த அம்மா சொன்னபடி வியாழக்கிழமை பேங்குக்குப் போய், நான்தான் கட்டினேன் என்று சொன்னார். மற்ற எட்டுப் பேரிடமும் அக்காவே பேசி, அடுத்த அழைப்புக்குப் பதில் சொல்ல வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் தகவல் வந்தது: நிறுத்திவைத்த தொகை விடுவிக்கப்பட்டது, அடுத்த வேலை நாளில் கணக்கில் ஏறும். அடுத்த வேலை நாள் என்றால் திங்கள்.

நாங்கள் இருவரும் போனபோது பாய் தொழுகை முடித்துக் கடைக்கு வந்திருந்தார். அக்கா கைப்பேசியை நீட்டினார். பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டி வாசித்து, திருப்பிக் கொடுத்தார்.

“போன மாசம் ஒருத்தன் இதே மாதிரிதான் காட்டினாம்மா. காசு அனுப்பிட்டேன், பாருங்க பாய்னு. நாலு டசன் சாரோங் எடுத்துட்டுப் போனான். இன்னிக்கு வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கு அந்தக் காசு.”

“திங்கக்கிழம காலையில ஏறிடும் பாய். கம்பெனித் தம்பியே இங்க நிக்கிறாரு.”

பாய் என்னைப் பார்த்தார். “அப்ப சரி. தம்பி ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டும். திங்கக்கிழம காசு வரலன்னா நான் தர்றேன்னு. பேரு, ஐசி நம்பரு. நான் நம்புறேன்.”

கடைப் பையன் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தான். நான் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. பணம் விடுவிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒன்பது பேரும் உண்மை என்று தெரியும். ஆனாலும், சனிக்கிழமைக் கல்யாணம் இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்தேனா என்று ஒரு நினைப்பு ஓடியது. இன்னொரு புகார் வந்து திங்கள் காலை மறுபடி நின்றால்? டெபாசிட் என் மூன்று மாதச் சம்பளம். அப்பாவுக்கு என்ன சொல்வேன்? இவ்வளவும் நினைக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து எண்ணுவதற்குள் இருக்கும்.

அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம் பாய்,” என்றார். “ஒரு மணி நேரம் குடுங்க.” பாய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த தெரு முனையில் அடகுக்கடை. பின்னாலேயே ஓடினேன். உயரமான கவுண்டர், இரும்புக் கம்பி, அந்தப் பக்கம் ஒரு சீனக் கிழவர். அக்கா கழுத்துச் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் கழற்றி உள்ளே தள்ளினார். கிழவர் அவற்றைக் கல்லில் உரசினார், ஒரு சொட்டு திராவகம் விட்டார், தராசில் போட்டார், அக்காவின் ஐசியை வாங்கி முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கேயும் சந்தேகம்தான். ஆனால் அவர் அதை அக்காவின் கண் முன்னால் செய்தார், ஐந்து நிமிடத்தில் முடித்தார், முடித்ததும் காசை எண்ணி வைத்தார்.

மூன்றரைக்குப் பாயிடம் டெபாசிட் போய்ச் சேர்ந்தது. சாவி வந்தது. கைப்பேசி உறைக்காரர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அறைக்கு ஏறும் மரப்படி குறுகலானது. அக்கா முன்னால், நான் பின்னால். பாதிப் படியில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, சிஸ்டம் இல்ல. நிப்பாட்டினது நாந்தான்.”

அவர் நின்றார். திரும்பவில்லை. அவர் கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு கோடாகத் தெரிந்தது.

“நூத்தி ஒண்ணப் பாத்தா?”

“ஆமாக்கா.”

“ஒரு போன் அடிச்சுக் கேக்கத் தோணல.”

“தோணலக்கா.”

மேலே போய்ப் பூட்டைத் திறந்தார். ஜன்னலைத் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்த்தார். வெயில் தரையில் சதுரமாக விழுந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடி எங்கே வைப்பது என்று கையால் அளந்தார். என்னை அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அடகுக்கடையில மூணு நாளைக்கும் ஒரு மாச வட்டிதான் போடுவான்,” என்றார் கடைசியில். “அத நீ கட்டு.”

“சரிக்கா.”

“இப்பவே.”

பணப்பையில் ஒரே ஓர் ஐம்பது வெள்ளி நோட்டும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. ஐம்பதைக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, ஜன்னலோரம் போய், இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிதானமாகப் பார்த்தார். பிறகு கைப்பையில் வைத்துக்கொண்டார்.